கர்சிவா, சுருக்கெழுத்தா? எதை எப்படித் தொடங்குவது

இரண்டும் வேகமாக எழுதத்தானே என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கர்சிவ் என்பது அதே ஆங்கில எழுத்துகள்தான், பேனாவைத் தூக்காமல் கோத்து எழுதுகிறோம், அவ்வளவுதான். சுருக்கெழுத்து எழுத்துகளையே விட்டுவிட்டு ஒலியை மட்டும் பிடிக்கிறது. 'ஃபோன்' என்பதற்குக் கர்சிவில் ஐந்து எழுத்தும் வேண்டும். 1837இல் வந்த பிட்மன் என்ற சுருக்கெழுத்து முறையில் ஃப், ன் இரண்டுக்கும் ஆளுக்கொரு கோடு, உயிரொலிக்கு ஒரு சின்னக் குறி, முடிந்தது.

பிட்மனில் மெல்லிய கோடு 'ப' (p) என்றால் அதே கோட்டை அழுத்திப் போட்டால் ஆங்கில b-யின் ஒலி, அதனால் பால்பாயின்ட் பேனாவோடு மல்லுக்கட்டாமல் பென்சிலையோ வளையும் நிப்பு உள்ள பேனாவையோ எடுங்கள். கிரெக் என்ற இன்னொரு சுருக்கெழுத்து முறையில் அழுத்தம் கிடையாது, கோட்டின் நீளம்தான் ஒலியை மாற்றும்.

கடிதம், நாட்குறிப்பு என்றால் கர்சிவ் போதும், யாரும் படிக்கலாம். பேச்சை அப்படியே பதிய வேண்டுமா, சுருக்கெழுத்துதான், ஆனால் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். முதலில் வடிவம் சரியாக வரட்டும், அப்புறம் யாரையாவது மெதுவாக வாசிக்கச் சொல்லி எழுதுங்கள், எழுதியதை அன்றே திரும்பப் படியுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள், ஏனென்றால் உயிர்க்குறியை விட்டுவிட்டு எழுதிய கோடுகள் நாலு நாள் கழித்து உங்களுக்கே புரியாது.