மாஸ்க்கை மட்டும் வாங்குங்கள்: முதன்முதலாக ஸ்நோர்கெலிங் போகிறவர்களுக்கு

ஜொகூரில் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நீச்சல் என்றால் ஆறும் குட்டையும்தான். கடல் என்றால் காஹாங், ஜெமாலுவாங் எல்லாம் தாண்டி மெர்சிங் போய், கரையில் நின்று பார்த்துவிட்டு, மீன் சாப்பிட்டுத் திரும்புவது. இப்போது நிலைமை வேறு. பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு குடும்பமாவது தியோமான் தீவுக்கு ஸ்நோர்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலுக்கடியைப் பார்ப்பது) கிளம்புகிறது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் என்னிடம் கேட்பதும் ஒரே கேள்விதான்: "அண்ணே, என்னென்ன சாமான் வாங்கணும்?"

கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க் ஒன்று போதும். மூச்சுக்குழாய், காலில் மாட்டும் துடுப்பு, மிதவைச் சட்டை எல்லாம் தீவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். காலுக்கு நம்பர் இருக்கிறது, முகத்துக்கு இல்லை. வாடகை மாஸ்க் உங்கள் முகத்தில் ஒட்டினால் அது அதிர்ஷ்டம்.

மாஸ்க் பார்த்து வாங்குவது

நீச்சல்குளத்துக் கண்ணாடி இதற்கு ஆகாது. ஆழம் போகப்போக நீரின் அழுத்தம் கூடும்; 10 மீட்டரில் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. கண்ணை மட்டும் மூடும் கண்ணாடிக்குள் காற்றை அனுப்ப வழியில்லாததால் அது கண்ணை உறிஞ்சும். மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுவதால், மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

கடையில் இப்படிச் சோதியுங்கள். தலைமுடியை ஒதுக்கிவிட்டு, வாரைத் தலைக்குப் பின்னால் மாட்டாமல், மாஸ்க்கை முகத்தில் லேசாக வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கையை எடுங்கள். மாஸ்க் விழாமல் நின்றால் அது உங்களுடையது. எங்கேயாவது 'ஸ்ஸ்' என்று காற்று புகுந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். "வாரை இறுக்கினா சரியாயிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். இறுக்க இறுக்க ஓரம் கோணிக்கொண்டு இன்னும் ஒழுகும்.

என் முதல் மாஸ்க் இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்கு வாங்கியது. முகப்பில் இருந்தது பிளாஸ்டிக், ஓரம் அட்டைபோல விறைப்பு. தியோமானின் சாலாங் ஜெட்டிக்குப் பக்கத்தில் இறங்கிய பத்தே நிமிடத்தில் மூக்குவரை உப்புத் தண்ணீர். அன்று நான் பார்த்த மீனை விடக் குடித்த கடல்தான் அதிகம். அதனால் கண்ணாடியில் 'டெம்பர்டு' (கடினமாக்கிய கண்ணாடி) என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஓரம் சிலிக்கானாக இருக்கவேண்டும். விரலால் மடக்கிவிட்டால் உடனே பழைய வடிவத்துக்கு வரும். அந்தக் காலத்தில் இதெல்லாம் கறுப்பு ரப்பரில்தான் வந்தது. வெயிலும் உப்பும் பட்டு அது வெடித்துவிடும் என்பதால் சிலிக்கான் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மூன்று தலைமுறையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பத்துக்காரனுக்கு இதில் லேசான வருத்தம்தான்.

மீசைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். என் மச்சானுக்கு எந்த மாஸ்க்கும் ஒத்துவரவில்லை. "சாமான் சரியில்ல லா" என்று கடை கடையாகத் திட்டினார். குற்றம் மூக்குக்கு அடியில் இருந்தது. சிலிக்கான் ஓரம் தோலில் படியவேண்டிய இடத்தில் முடி இருந்தால் தண்ணீர் அதன் வழியாகவே உள்ளே வரும். மீசையை எடுக்க மாட்டேன் என்று சாதித்தவர், கடைசியில் மூக்கை ஒட்டி ஒரு மெல்லிய கோடு மட்டும் மழித்துக்கொண்டார். ஒழுகல் நின்றது, மீசையும் தப்பியது.

வாங்கிய அன்று செய்யவேண்டியது

புது மாஸ்க்கின் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும். அதைப் போக்காவிட்டால் பனி படிந்துகொண்டே இருக்கும். வெள்ளைப் பற்பசையை (ஜெல் வேண்டாம்) உள்பக்கக் கண்ணாடியில் பட்டாணி அளவு வைத்து, விரல் நுனியால் வட்டமாகச் சில நிமிடங்கள் தேய்த்துக் கழுவுங்கள். இதையே இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தடவி லேசாக அலசினால் போதும். எச்சில் துப்பித் தேய்ப்பவர்களும் உண்டு. அதுவும் வேலை செய்யும், முகம் சுளிக்காதீர்கள்.

குழாயும் துடுப்பும்

சின்ன வயதில் பப்பாளி இலைக் காம்பை வாயில் வைத்துக்கொண்டு குட்டையில் மூழ்கியவர்களுக்கு இந்தக் குழாய் புதிதல்ல. அப்போது வரும் ஆசை, காம்பு இன்னும் நீளமாக இருந்தால் அடிவரை போகலாமே என்பது. முடியாது. அரை மீட்டர் ஆழத்திலேயே நீர் நெஞ்சை அழுத்தி மூச்சிழுக்கச் சிரமப்படுத்தும். குழாய் நீண்டால் வெளியே விட்ட கெட்ட காற்று முழுதாக வெளியேறாமல் அதையே திரும்ப இழுப்போம். அதனால்தான் நல்ல குழாய் 40 சென்டிமீட்டரை ஒட்டியே நிற்கிறது. நீளமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

துடுப்பு காலைக் கடிக்கவும் கூடாது, கழன்று போகவும் கூடாது. மாட்டிக்கொண்டு நடக்கவேண்டி வந்தால் பின்பக்கமாக நடங்கள்.

முதலில் குளத்தில்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாவிவிடுகிறார்கள். நகரத்துப் பொது நீச்சல்குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் பழகினால் போதும். முகத்தை மட்டும் நீரில் வைத்து, வாயால் நிதானமாக மூச்சு விடுங்கள். முதல் ஐந்து நிமிடம் மூளை ஒத்துழைக்காது, பதறவேண்டாம். அடுத்து குழாயில் வேண்டுமென்றே தண்ணீர் நிரப்பி 'தூ' என்று ஒரே ஊதாக வெளியேற்றுங்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மேல் ஓரத்தை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதுங்கள். தண்ணீர் அடிவழியாகப் போய்விடும். இந்த இரண்டும் கைவந்துவிட்டால் கடலில் பாதிப் பயம் போய்விடும். காலை அடிக்கும்போது அசைவு இடுப்பிலிருந்து வரவேண்டும். முழங்காலை மடக்கினால் சைக்கிள் ஓட்டுவதுபோல இருந்த இடத்திலேயே இருப்பீர்கள்.

கடலில்

நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை போடுங்கள். தனியாக இறங்காதீர்கள். பவளத்தின்மேல் நிற்கக்கூடாது: அது உயிர், அதோடு காலையும் கிழிக்கும். கையில் பட்டுவிடும்போல் தெரிகிற மீன் உண்மையில் தள்ளி இருக்கும். நீருக்குள் எல்லாம் கால்வாசி தூரம் குறைந்து கிட்டத்தில் தெரியும். முதுகு வெந்துபோவது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரியும் என்பதால் நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கீழே மூழ்கிப் பார்க்க ஆசைப்பட்டு வேகவேகமாக மூச்சை இழுத்து விடாதீர்கள். தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும்.

ஸ்கூபா (காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு மூழ்குவது) பற்றியும் கேட்பீர்கள். சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், ஆக்சிஜன் அல்ல. பயிற்சியாளரோடு ஒருநாள் முயன்று பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் முறையாகப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். சிலிண்டர், அதிலிருந்து வாய்க்குக் காற்று தரும் ரெகுலேட்டர், மிதப்பைச் சரிசெய்யும் அங்கி எல்லாம் அவர்களே தருவார்கள். உங்கள் மாஸ்க்கை மட்டும் கொண்டுபோங்கள். அங்கே முதல் விதி, மூச்சை அடக்கக்கூடாது. மேலே வரும்போது நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து ஆளையே கொல்லும்.

திரும்பி வந்ததும் மாஸ்க்கை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து, அது வந்த பெட்டியிலேயே வையுங்கள். காரின் முன்கண்ணாடி ஓரத்தில் போட்டு வைக்காதீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை பருவமழைக் கடல், மெர்சிங் படகுகளும் குறைந்துவிடும். அந்த மாதங்களில் மாஸ்க் வாங்கிக் குளத்தில் பழகிக்கொண்டால் மார்ச் விடுமுறைக்குச் சரியாக இருக்கும்.