பிளேயர் ஓடவில்லையா? ஸ்குரூவைக் கழற்ற முதல்

திருகோணமலையில் இன்னும் பல வீடுகளில் ரீவிக்குக் கீழே ஒரு டிவிடி பிளேயர் கிடக்கிறது. படம் பார்க்கப் போன் போதும். ஆனால் கலியாண வீட்டு டிஸ்க், சாமத்திய வீட்டு டிஸ்க், கனடாவிலிருந்து வந்த டிஸ்க் என்று வந்தால் அதை விட்டால் வேறு கதியில்லை. வருடக்கணக்கில் தொடாமல் கிடந்ததை ஒரு நாள் போட்டால் ‘நோ டிஸ்க்’ என்று காட்டும். “லென்ஸ் அடிச்சுப்போச்சு” என்று யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவர் தேடுவார். பல பிளேயர்கள் உண்மையில் பழுதாவது அதற்குப் பிறகுதான்.

ஒரே ஒரு டிஸ்க்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். கடையில் வாங்கிய படம் ஒன்று, பாட்டுச் சீடி ஒன்று, வீடியோக்காரர் பதிந்து தந்தது ஒன்று என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். சீடியைப் படிக்க 780 நானோமீற்றர் லேசரும், டிவிடிக்கு 650 நானோமீற்றர் லேசரும் வேண்டும். ஆகவே சீடி ஓடி டிவிடி மட்டும் ஓடாவிட்டால் டிவிடி லேசர் களைத்துவிட்டது என்று ஓரளவு சந்தேகிக்கலாம். இரண்டுமே ஓடாவிட்டால் லென்ஸில் தூசு, அல்லது டிஸ்க்கைச் சுற்றும் மோட்டர். பதிந்த டிஸ்க் மட்டும் மக்கர் பண்ணினால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கில்தான். அந்த டிஸ்க்கில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் வெக்கையும் அதைக் கெடுத்துவிடும். அப்படியானதைக் கொம்பியூட்டர் டிரைவில் போட்டுப் பாருங்கள். வாசித்தால் அன்றைக்கே கொப்பி எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு டிஸ்க்கில் இன்னொரு சிக்கல். கடைப் படங்களில் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று ஒரு ரீஜன், அதாவது வலய எண், பதிந்திருக்கும்: கனடாவில் விற்கும் படங்கள் ரீஜன் 1, லண்டனில் ரீஜன் 2, இலங்கைக்கு ரீஜன் 5. ரீஜன் பொருந்தாததை எவ்வளவு துடைத்தாலும் ஓடாது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ அது பெரும்பாலும் கனடா போன்ற நாடுகளின் ரீவி முறையான என்டிஎஸ்சியில் (NTSC) பதிந்த டிஸ்க். நமக்கு வழக்கமானது பால் (PAL) என்ற முறை. செட்டப் மெனுவில் ரீவி சிஸ்டத்தை ‘ஓட்டோ’ ஆக்கிப் பாருங்கள்.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் வயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிளேயரின் பின்னால் சிவப்பு ஓட்டை இரண்டு இருக்கும்: ஒன்று சத்தத்துக்கு, மற்றது பச்சை, நீலத்தோடு சேர்ந்த படத்துக்கு. அவசரத்தில் இவை மாறிவிடும். றிமோட்டில் ‘பி-ஸ்கான்’ பொத்தானைப் பிள்ளைகள் தெரியாமல் அமத்தினாலும் மஞ்சள் வயரில் படம் வராமல் போகலாம். திரும்ப அமத்தினால் சரி. உப்புவெளி, திருக்கடலூர்ப் பக்கம் கடலுக்குக் கிட்ட வீடென்றால் இந்த ரீவி வயர்களின் பிளக் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பிளேயரையும் ரீவியையும் நிறுத்தி, அந்த வயர் பிளக்கைச் செருகியபடியே நாலு தரம் திருகிவிட்டாலே சில வேளை படம் வந்துவிடும்.

துடைப்பதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். சாறம் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். டிஸ்க்கில் தகவல் சுருள் சுருளாக உள்ளிருந்து வெளியே போகிறது. வட்டமாகத் தேய்த்து விழும் கீறல் அந்தச் சுருளோடேயே ஓடி, தொடர்ச்சியாகப் பெரிய துண்டை மறைத்துவிடும். குறுக்கே விழும் கீறலில் விடுபடுவதைப் பிளேயர் தானாகவே கணக்குப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். ஆகவே மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். பற்பசை, மண்ணெண்ணெய், சென்ற் எதுவும் வேண்டாம். சீடி என்றால் எழுத்துள்ள பக்கத்தில் இன்னும் கவனம் தேவை: வெள்ளிப் படலம் அந்த மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது, அங்கே கீறினால் மீட்க வழியில்லை.

லென்ஸைத் துடைக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் தூரிகை வைத்த கிளீனிங் டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால், திறந்து பழக்கமுள்ளவர் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் லேசாக ஒத்தி எடுக்கலாம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் கதை முடிந்தது. பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகை ‘பவர் கூட்ட’ என்று திருப்புவதும் கூடாது, லேசர் கொஞ்ச நாள் நன்றாக எரிந்து பிறகு முற்றாகப் போய்விடும்.

திறக்க முதல் கரண்ட் பிளக்கைக் கழற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். 230 வோல்ட் கரண்ட் உள்ளே நேரோட்ட மின்னாக (டிசி) மாறும்போது 320 வோல்ட்டைத் தாண்டும். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கப்பாசிற்றர், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்ராண்ட்பை லைட் மட்டும் மின்னி மின்னி நின்றால் பவர் போட்டில் கப்பாசிற்றர் ஊதியிருக்கலாம். அது கடைக்காரரின் வேலை.

தட்டு வெளியே வராவிட்டால் கத்தியால் நெம்பாதீர்கள். அதை இழுப்பது சின்ன ரப்பர் பெல்ட், பழசானால் தொய்ந்துவிடும். மூடியைத் திறந்து புதுப் பெல்ட் மாட்டுவது கடையில் சின்ன வேலை, உடைந்த பற்சக்கரத்துக்குத்தான் பாகம் தேடி அலைய வேண்டும்.

மாரி காலத்தில் ஏசி அறையிலிருந்து கூடத்துக்குத் தூக்கி வந்த பிளேயர் உடனே டிஸ்க் வாசிக்காது. லென்ஸில் ஈரம் படிந்திருக்கும். டிஸ்க் போடாமல், பவரைக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் விட்டால் காய்ந்துவிடும். மேலே அழகுக்கு விரித்திருக்கும் லேஸ் துணியை அப்போதும் எடுத்துவிடுங்கள். காற்றுத் துவாரங்களை அதுதான் அடைக்கிறது. பின்பக்கத் துவாரத்தால் பல்லி உள்ளே போய் முட்டையிட்டிருக்கிறதா என்றும் டோர்ச் அடித்துப் பார்க்கலாம்.

கடைக்குக் கொண்டுபோனால் வெறுமனே “வேலை செய்யுதில்லை” என்று சொல்லாமல், எந்த டிஸ்க் ஓடியது, எது ஓடவில்லை, திரையில் என்ன எழுத்து வந்தது என்று சொல்லுங்கள். றிமோட்டையும் எடுத்துப் போங்கள். உள்ளே கலியாண டிஸ்க் மாட்டியிருந்தால் அதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.