ஷெட்டில் நிற்கும் புல்லட்டை உதைப்பதற்கு முன்

பெரியப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் பதினாறு வருடம் நின்ற புல்லட் என் கைக்கு வந்த அன்று, நான் செய்த முதல் காரியம் அதன்மேல் ஏறி ஓங்கி ஒரு உதை விட்டதுதான். கிக்கர் அசையவில்லை. இன்னும் ஓங்கி உதைத்தேன். உள்ளே ‘டக்’ என்றது. அப்புறம் கிக்கர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது, எதையும் பிடிக்கவில்லை. கிக்கரை இஞ்சினோடு பிடிக்கவைக்கும் ராட்செட்டின் பல் போய்விட்டது.

திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: “ஏன்டா, அது எதுக்கு நின்னுச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

பழைய வண்டியை எழுப்ப நினைக்கிறவர்கள் செய்கிற முதல் தவறு இதுதான். எந்த வண்டியும் சும்மா நிற்பதில்லை. ஓட்டியவர் காலமாகியிருப்பார், அல்லது எஃப்.சி. முடிந்து ஆர்.டி.ஓ. பக்கம் போக அலுத்திருப்பார். அப்படி நின்ற வண்டியில் இஞ்சின் பெரும்பாலும் பிழைத்திருக்கும். புகை, சத்தம், ஆயில் ஒழுகல் என்று ஓரங்கட்டிய வண்டி வேறு ஜாதி. பெரியப்பா சொன்ன காரணம், “மேடு ஏறும்போது அடிவயித்துல டொக் டொக்குன்னுச்சு.” அது பிக் எண்ட் தேய்ந்த சத்தம். அந்தக் காலத்து 350 புல்லட்டில் கான்ராடின் (பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) பெரிய முனையில் ரோலர் பேரிங் இருக்காது, மிதக்கும் புஷ்தான் இருக்கும். ஆயில் தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தால்தான் அதற்கு உயிர். அன்று என் உதையில் வண்டி ஸ்டார்ட் ஆகியிருந்தால் கான்ராடு இஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸைப் பிளந்துகொண்டு வந்திருக்கலாம். ராட்செட் உடைந்தது என் அதிர்ஷ்டம்.

இங்கே எழுதுவதெல்லாம் திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட்டை வைத்து: 346 சி.சி., பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் இரண்டு முனைகளால் பொறி வரவைக்கும் பழைய முறை), வலது காலில் கியர். ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்குப் பாதிக்கு மேல் பொருந்தும்.

காசு செலவழிக்கும் முன் காகிதம். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் இஞ்சினைப் பிரித்துப் போட்ட பிறகு ஆர்.சி.யைத் தேடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆர்.சி.யில் உள்ள இஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புல்லட்டில் இஞ்சின் மாற்றிப் போடுவது ஒரு காலத்தில் சைக்கிள் டியூப் மாற்றுவது மாதிரி நடந்தது. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31, விலைக்கு வாங்கினால் 29-உம் 30-உம். முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்த நம்பரில் தினமும் ஆபீஸ் போய்வர முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் போங்கள்.

சரி, இஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதாவது பிஸ்டன் அசையாமல் இறுகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கியரில் போட்டு நாலு பேர் தள்ளுவது, கிக்கரில் ஏறிக் குதிப்பது இரண்டும் வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் இஞ்சின் ஆயிலும் சமபங்கு கலந்து கொஞ்சம் ஊற்றிவிட்டு, வண்டியை மறந்துவிடுங்கள். ஒரு வாரம், தேவைப்பட்டால் இரண்டு. நடுவில் ஒரு முறை மேலும் கொஞ்சம் ஊற்றலாம். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். நூலிழை அசைந்தால்கூடப் போதும், மீதி தானாக வரும். இரண்டு வாரம் கழித்தும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். சுத்தியலை வைத்து பிஸ்டன் தலையில் தட்டுகிற வித்தையை எனக்குச் சொல்லித்தராதவர் கிடையாது. செய்யாதீர்கள்.

இன்னொரு விஷயம், குளவி. மண்குளவிக்கு ஒரு ஓட்டை கிடைத்தால் போதும், கூடு கட்டிவிடும். என் வண்டியில் சைலன்சர் வாய், கார்புரேட்டரின் வழிகால் குழாய், ஏர் ஃபில்டர் பெட்டி என்று மூன்று இடத்தில் மண். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலிக்குடும்பம் வாழ்ந்த அடையாளம் வேறு. முதலில் ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பி விட்டுப் பாருங்கள்.

அடுத்த தவறு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வண்டி முழுவதையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது. பாதி விலைக்கு விளம்பரத்தில் வரும் ‘பிரித்த நிலையில் உள்ள வண்டி’கள் எல்லாம் அப்படிப் பிறந்தவைதான். ஓட வைப்பது ஒரு வேலை, புதுசாக்குவது வேறு வேலை. முதல் வேலைக்குக் கழற்ற வேண்டியதை மட்டும் கழற்றுங்கள். கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். கழற்றிய நட்டையும் வாஷரையும் தனித்தனியாக வையுங்கள். எங்கள் வீட்டில் பழைய இட்லித் தட்டு ஒன்று இதற்கென்றே போய்விட்டது. ஒவ்வொரு குழியிலும் ஒரு பாகத்தின் நட்டுகள், திரும்பப் பூட்டும்போது குழப்பமே இல்லை.

ஸ்பானர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது இங்கிலாந்தின் ரெடிட்ச்சில் இருந்து வந்த வரைபடங்களும் அச்சுகளும் பிரிட்டிஷ் அளவில்தான் இருந்தன. அதனால் பழைய புல்லட்டின் பல நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குலக் கணக்கு. அதில் 13, 14 எண் மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் முதல் திருகலில் பிடிப்பது போல இருக்கும், இரண்டாவதில் நட்டின் முனை மழுங்கிவிடும். திருகுப் புரியின் அளவும் வேறு. இறுகாத போல்ட்டுக்குப் பதிலாக மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்து ஏற்றினால் அலுமினியப் புரி செத்தது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் பழைய அளவு ஸ்பானர் கிடைக்கும். ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஆயில். புல்லட்டைப் பொறுத்தவரை பாதி உயிர் இதில்தான் இருக்கிறது. இந்த இஞ்சினுக்கு வெளியே தனி ஆயில் டேங்க் கிடையாது, கிராங்க்கேஸ் வார்ப்பின் ஒரு பகுதியே ஆயில் அறை. மாதக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து, கிராங்க் சுழலும் அறைக்குள் போய்த் தேங்கிவிடும். டிப் ஸ்டிக்கைப் பார்ப்பவர், ‘ஆயில் குறைந்திருக்கிறதே’ என்று மேலே ஊற்றுவார். உண்மையில் ஆயில் எங்கும் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் கிக்கர் கல்லாக இருக்கும், இஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாய் ஆயிலைக் கக்கும், தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை வரும். ‘ரிங் போச்சு, போரிங் போட்டு சிலிண்டரைக் கடையணும்’ என்று பக்கத்தில் ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுவார். அடியில் இருக்கும் டிரெயின் பிளக் அத்தனையும் திறந்து, ராத்திரி முழுக்க வடியவிட்டு, ஃபில்டரையும் மாற்றி, புதிதாக 20டபிள்யூ-50 கிரேடு ஆயில் இரண்டேகால் லிட்டர் ஊற்றுங்கள். கியர் பாக்ஸும் பிரைமரி செயின் பெட்டியும் இதோடு சேராதவை, அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஊற்றினால் மட்டும் போதாது, ஆயில் மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்டில் வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, கிக்கரை மிதித்துக்கொண்டே இருங்கள். ஐம்பது, அறுபது மிதி ஆகலாம். அங்கே ஆயில் கசிய ஆரம்பித்தால் பம்ப் வேலை செய்கிறது. வராமல் ஸ்டார்ட் செய்கிற துணிச்சல் வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை, அதற்குப் பதிலாக வேறொன்று உண்டு. வருடக்கணக்கில் நின்றால் கிராங்க் ஆயில் சீல் காய்ந்து சுருங்கிவிடும். அந்த வழியாகக் காற்று இழுத்து, கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் ஆன யெஸ்டி கைவைக்காமலே ரேஸ் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், உடனே அணைத்துவிட்டு சீலைப் பாருங்கள்.

கரண்டுக்கு வருவோம். பழைய வயரிங்கில் நேராகப் புது பேட்டரியைக் கொடுப்பது கொட்டகையில் தீப்பெட்டி உரசுவது மாதிரி. எலி கடித்த வயர் எங்கே ஃபிரேமைத் தொடுகிறது என்று யாருக்குத் தெரியும்? பேட்டரிக்கும் வயரிங்குக்கும் நடுவே ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போட்டுப் பாருங்கள். சாவி போடாமலே பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கேயோ ஷார்ட். வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் முனைகளில் ஒரு படலம் படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வழவழப்பான எமரித் தாளால் துடைத்து, பெட்ரோல் நனைத்த துணியால் சுத்தம் செய்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். முக்கால்வாசி ‘ஸ்பார்க் வரல’ இதோடு தீர்ந்துவிடும். டைமிங் (பொறி வரும் நேரம்) பார்க்க என் வழி, சிகரெட் தாள். பாயிண்ட் நடுவே தாளைச் செருகி மெல்ல இழுத்தபடி இஞ்சினைச் சுற்றினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் தாள் நழுவி வரும். வேகம் ஏற ஏறப் பொறியை முந்தவைக்கும் அட்வான்ஸ் எடைகள் விரியாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பு அது நடக்க வேண்டும். இதைவிட முந்தினால் கிக்கர் திருப்பி அடிக்கும். புல்லட் திருப்பி அடித்து கணுக்காலில் கட்டுப் போட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இன்னொன்று, யோசித்துக்கொண்டே சாவியை ஆனில் விட்டுவிடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடேறி வெந்துவிடும். பாயிண்ட் முனை கருகாமல் காக்கும் கண்டன்சரைப் புதிதாக வாங்கினாலும் பழையதை எறிய வேண்டாம். இப்போது கிடைப்பதில் பல, பழையதன் கால் தூசு பெறாது.

டேங்க்கில் துரு என்றதும் சிலர் ஜல்லியைப் போட்டுக் குலுக்குகிறார்கள், சிலர் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிட்டு மறந்துபோகிறார்கள். முன்னதில் டேங்க் நெளியும், பின்னதில் ஓட்டையாகும். வினிகர் நிரப்பி இரண்டு நாள் விட்டு, சிறு சங்கிலி ஒன்றைப் போட்டுக் குலுக்கி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே காயவைத்து, உள்ளே ஆயில் பூசிவிடுங்கள். ஒரு மணி நேரம் ஈரமாக விட்டால் மறுபடி துரு. காலி டேங்க்கை அப்படியே வெல்டிங்குக்குக் கொடுப்பது மட்டும் உயிர் போகிற தவறு. பெட்ரோல் வடிந்தாலும் ஆவி உள்ளேயே இருக்கும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் நினைவில் வையுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊதவைக்கும். அவற்றைப் புதிதாக மாற்றிவிடுங்கள், டேங்க் நிறைய ஊற்றி மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

லேத் பட்டறைக்கு ஓடாதீர்கள் என்பது ஒரு வரியில் முடியும் விஷயம். ஒவ்வொரு போரிங்கும் பிளாக்கின் ஆயுளில் ஒரு படியைத் தின்றுவிடும், தேவையா என்று அளந்து பார்த்துவிட்டுப் போங்கள். என் வண்டிக்கு கிராங்க் வேலை தவிர்க்க முடியவில்லை. பிளாக்கைத் தூக்கிவிட்டு கான்ராடை மேலும் கீழும் இழுத்தபோது ‘டிக்’ என்று ஆடியது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேலும் கீழும் ஆடவே கூடாது.

பெயிண்ட் ஆசை எல்லோருக்கும் வரும். இஞ்சின் ஓடி, பெட்ரோல் ஒழுகல் நின்ற பிறகு அடியுங்கள். நான் முதலில் பெயிண்ட் அடித்துவிட்டேன். டேங்க்கில் கையால் இழுத்த தங்கக் கோட்டின்மேல் பெட்ரோல் வழிந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங் கொடுத்த பட்டறையில் இன்னொரு கூத்து நடந்தது. எர்த் வயர் பிடிக்கும் இடங்களையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள், லைட் எதுவும் எரியவில்லை. சுரண்டியதும் சரியானது. சேஸிஸ் நம்பரும் பூச்சுக்குள் பாதி மறைந்திருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது எழுத்து தெரியாவிட்டால், முன்பு சொன்ன காகித வேலை அத்தனையும் வீண். கோட்டிங்குக்குக் கொடுக்கும் முன் அந்த இடத்தில் டேப் ஒட்டிக் கொடுங்கள்.

டயரில் பட்டன் இருக்கிறதே என்று ஓட்டாதீர்கள், பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் போதும், தூக்கிப் போட வேண்டியதுதான். பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் பழையதானால் பசை விட்டு உரிந்து டிரம்முக்குள் சிக்கும், சக்கரம் அப்படியே நின்றுவிடும். இதை வண்டி ஓடும் முன்பே பார்க்க வேண்டும். ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் நேராக ரோட்டுக்குப் போனவர்கள் வேலியில் போய் நின்ற கதை ஏராளம்.

என் வண்டி தயாரானபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தாண்டவைத்து, விட்டுவிட்டு முழு நீளத்துக்கு ஒரு மிதி. இது பெரியப்பா சொல்லிக்கொடுத்தது. ஏழாவது மிதியில் பிடித்தது. நான் த்ராட்டிலை முறுக்கப்போன கையை அவர் தட்டிவிட்டார். குனிந்து, கிராங்க்கேஸ் பக்கம் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். ராக்கர் குழாயின் போல்ட்டைத் தளர்த்தச் சொல்லி, ஆயில் வருவதை விரலில் தொட்டுப் பார்த்தார்.

“டொக் சத்தம் இல்ல. அணைச்சுடு. ஆறட்டும், நாளைக்கு இந்த ஆயிலை வடிச்சு வெள்ளைத் துணியில பார்ப்போம், தூள் ஏதாச்சும் இருக்கான்னு. அப்புறமா ரோட்டுக்குப் போகலாம்.”