நவஹோ அணைக்குக் கீழ இலையுதிர் கால ட்ரவுட்: ஃப்ளைக்கு முன்னாடி தண்ணி அளவைப் பாருங்க

அமெரிக்காவுல நியூ மெக்சிகோல நவஹோ அணைக்குக் கீழ ஓடுற சான் ஹுவான் ஆத்துக்கு செப்டம்பர்லேர்ந்து நவம்பருக்குள்ள ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி செஞ்ச ஃப்ளைங்கிற செயற்கை இரையை வச்சு ட்ரவுட் மீன் பிடிக்கிறது) போறீங்கன்னா எந்த ஃப்ளை கட்டலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி அணையிலேர்ந்து எவ்வளவு தண்ணி விடுறாங்கன்னு பாருங்க, மத்ததெல்லாம் அதை வச்சுதான். ஆர்ச்சுலெட்டா பக்கத்துல இருக்குற யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனம்) கேஜ், அதாவது நீரோட்டத்தை அளக்குற நிலையத்தோட அளவை ஆன்லைன்லயே பாக்கலாம். விநாடிக்கு 500 கனஅடி சுத்தி ஓடுச்சுன்னா இறங்கி நடந்தே நிறைய இடம் மீன் பிடிக்கலாம், 1000-ஐ தாண்டுச்சுன்னா நடுவுல குறுக்க கடக்கிறதை மறந்துட்டு ஓரமா நில்லுங்க, இல்ல போட் எடுங்க.

இந்த அளவு ஏன் மாறிக்கிட்டே இருக்குன்னா, கீழ ஃபார்மிங்டன்லேர்ந்து லேக் பவல் ஏரி வரைக்கும் அழியுற நிலையில இருக்குற கொலராடோ பைக்மின்னோ, ரேசர்பேக் சக்கர் மீன்களுக்காக 500-லேர்ந்து 1000 கனஅடி வரைக்கும் ஓடணும்னு ஒரு இலக்கு இருக்கு. நடுவுல சேர்ற அனிமாஸ் ஆறு வத்துனா அணையில கூட்டி விடுவாங்க, மழை பெஞ்சாலோ பாசனம் நின்னாலோ குறைப்பாங்க. அதனால அணைப் பக்கம் வானம் எப்படி இருக்குன்னு மட்டும் பாத்தா போதாது, அனிமாஸ்ல என்ன ஓடுதுன்னும் பாருங்க, அடுத்து ரிலீஸ் எந்தப் பக்கம் போகும்னு ஓரளவு புரிஞ்சிடும்.

தண்ணி அணைக்குப் பின்னாடி இருக்குற ஏரியோட ஆழத்துலேர்ந்து வர்றதால எப்பவும் ஜில்லுன்னு 42-45 டிகிரி ஃபாரன்ஹீட்லதான் இருக்கும், நல்ல வேடர்ஸ் (தண்ணிக்குள்ள இறங்கி நிக்கப் போடுற நனையாத உடை) வேணும். மீனுக்கு முக்கிய சாப்பாடு குட்டிக்குட்டி மிட்ஜ் பூச்சிதான், அதனால 22-லேர்ந்து 26 சைஸ் ஃப்ளை (நம்பர் கூடக்கூட ஃப்ளை சின்னது), 6எக்ஸ் டிப்பெட் (ஃப்ளைய கட்டுற மெல்லிசான நுனி நரம்பு), மேல மீன் கடிச்சா காட்டுற சின்ன இண்டிகேட்டர் மிதவை. மீன் கடிக்கலைன்னா உடனே ஃப்ளைய மாத்தாதீங்க, ஸ்ப்ளிட் ஷாட் (நரம்புல மாட்டுற குட்டி எடைக் குண்டு) ஒண்ணு சேத்து ஆழத்தை மாத்திப் பாருங்க, பெரும்பாலும் பிரச்சினை அங்கதான் இருக்கு. மேகம் மூடுன மத்தியானம் பேட்டிஸ்ங்கிற சின்ன மேஃப்ளை பூச்சி தண்ணிலேர்ந்து வெளிய வரும், அப்ப தண்ணி மேல மீனோட மூக்கு தெரியாம முதுகு மட்டும் உருண்டு போச்சுன்னா அது மேல மிதக்குற பூச்சிய சாப்பிடல, மேல்மட்டத்துக்கு கொஞ்சம் கீழ ஏறி வர்றதை சாப்பிடுது, அதுக்கு ஆர்எஸ்2 மாதிரி எமர்ஜர் (மேல ஏறி வர்ற பூச்சி மாதிரி செஞ்ச ஃப்ளை) கட்டுங்க.

ரிலீஸ கூட்டுன அன்னிக்கு பாசி பிடுங்கிட்டு மிதந்து வரும், ஒவ்வொரு காஸ்ட்டுக்கும் (ஃப்ளைய வீசுறதுக்கும்) ஹூக்க சுத்தம் பண்ண வேண்டியிருக்கும். முடிஞ்சா ஒரு நாள் தள்ளிப் போங்க. ஓடைல மழை அடிச்சா அந்த ஓடை வந்து சேர்ற இடத்துக்குக் கீழ சேறாயிடும், அதுக்கு மேல போனா தெளிவா இருக்கும்.

அணைக்குக் கீழ இருக்குற ஸ்பெஷல் ட்ரவுட் வாட்டர்ங்கிற தனி விதி உள்ள பகுதியில பிடிச்ச மீனை விட்டுடணும், முள் இல்லாத ஒத்தை ஹூக்தான். காலால அடிமண்ணைக் கிளறி மீனை இழுக்குற வேலை சட்டப்படி தப்பு, தயவுசெஞ்சு செய்யாதீங்க. இது ப்ரௌன் ட்ரவுட் முட்டை போடுற சீசன் வேற. கூழாங்கல்லு நடுவுல பாசி இல்லாம வெளிறிப்போன நீள்வட்டமா ஒரு திட்டு தெரிஞ்சா அதுதான் கூடு, முட்டை அந்தக் கல்லுக்கு அடியில இருக்கும். அங்க நிக்கிற மீனுக்கு காஸ்ட் பண்ணாதீங்க, அது மேல கால் வைக்காம சுத்திப் போங்க, தண்ணி குறைவா ஓடுற அன்னிக்கு இந்தத் திட்டெல்லாம் சரியா நாம நடக்குற ஆழத்துலதான் இருக்கும்.