டிரெய்லர் வாங்கினால் முதல் பயணம் எடை மேடைக்கு

பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் நடமாடும் வீடுதான் டிரெய்லர். அதைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கட்டிலில் படுத்துப் பார்த்தோம், அடுப்பைத் திருகிப் பார்த்தோம், குளியலறையில் என் கணவருக்குத் தலை இடிக்கிறதா என்று பார்த்தோம். எடையைப் பற்றிக் கேட்டதற்கு, உங்கள் டிரக் தாராளமாக இழுக்கும் என்றார் விற்றவர். அவர் பொய் சொல்லவில்லை. இழுக்கத்தான் செய்தது. நிலையாக இழுக்குமா என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோ பக்கம் முதல் பயணம். ஐ-10 சாலையில் கொலம்பஸ் என்ற ஊரைத் தாண்டியதும் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி எங்களைக் கடந்து போனது. அந்தக் காற்றில் டிரெய்லரின் வால் லேசாக ஆடியது. அடுத்த ஆட்டம் இன்னும் பெரிது. மூன்றாவது ஆட்டத்தில் டிரக்கின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்கியது. என் கணவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டார். தானாக அடங்கியது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் நான் அடுக்கிய விதம். பின் கட்டிலுக்கு அடியில் பெரிய இடம் இருக்கிறதே என்று அரிசி மூட்டை, இரும்புத் தோசைக்கல், குக்கர், இரண்டு பெட்டி குடிதண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அங்கே தள்ளியிருந்தேன். எங்கள் டிரெய்லரில் தண்ணீர்த் தொட்டியும் சக்கரங்களுக்குப் பின்னால்தான். அதில் 40 கேலன் நிரப்பியிருந்தோம். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. ஆக, தொட்டி மட்டுமே 330 பவுண்டுக்கு மேல். வால் கனத்தால் தலை தூக்கும். தலை தூக்கினால் டிரெய்லர் ஆடும்.

டிரெய்லரை டிரக்கின் பின்னால் மாட்டும் இணைப்புதான் ஹிட்ச். டிரெய்லரின் முன்மூக்கு அதன் மேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்பார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் அது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எண் காலி டிரெய்லருக்கானது, அதை நம்ப வேண்டாம். சாமான் ஏற்றி, நீங்கள் இருவரும் உட்கார்ந்து, பெட்ரோல் நிரப்பி, பெரிய டிரக் ஸ்டாப்பில் லாரிகளை எடை போடும் மேடைக்குப் போங்கள். பெரிய செலவில்லை. மேடை மூன்று துண்டாக இருக்கும். டிரக்கின் முன்சக்கரம் ஒன்றில், பின்சக்கரம் ஒன்றில், டிரெய்லரின் சக்கரங்கள் ஒன்றில். சீட்டை வாங்கிக்கொண்டு, டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, டிரக்கை மட்டும் இன்னொரு முறை நிறுத்துங்கள். முதல் சீட்டில் டிரக்கின் இரண்டு அச்சுகளையும் கூட்டி, அதிலிருந்து இரண்டாவது சீட்டின் எடையைக் கழித்தால் வருவதுதான் டங் வெயிட். எடையைப் பகிரும் ஹிட்ச் இருந்தால், எடை போடும்போது அதன் கம்பிகளை மாட்டாமல் விட வேண்டும்.

எங்களுக்கு முதலில் வந்தது 430. டிரெய்லர் மொத்தம் 5,200 பவுண்டு, அதாவது எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கனமான சாமானை எல்லாம் சக்கரத்துக்கு முன்னால் மாற்றினோம், தண்ணீரைப் போகும் ஊரில் நிரப்பிக்கொள்வதென்று வைத்தோம். 640 ஆனது. ஆட்டம் போய்விட்டது.

அத்தோடு முடியவில்லை. அந்த 640-ஐயும் டிரக்தான் சுமக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுதான் என்று அதில் ஓர் எண். எங்கள் டிரக்கில் 1,560. டங் வெயிட் 640, எடையைப் பகிரும் ஹிட்ச் 90, நாங்கள் இருவரும் 320, பின்தட்டில் 200, ஆக 1,250. தப்பித்தோம். பேரக்குழந்தைகள் இருவர் வந்தால் மடக்கு நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. டிரக் எத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். எங்களைப் போன்ற பிக்கப் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதற்கு முன்பே இந்த மஞ்சள் ஸ்டிக்கர்தான் கையைக் கட்டும்.

இதையெல்லாம் மீறி ஆடினால், டிரக்கின் பிரேக்கை மிதிக்காதீர்கள். டேஷ்போர்டில் உள்ள பிரேக் கன்ட்ரோலரில் டிரெய்லருக்கு மட்டும் பிரேக் போடும் நெம்பு ஒன்று இருக்கும். அதை மெல்ல அழுத்தினால் டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து நேராகும். ஓடும்போது தடவித் தேடாமல் இருக்க, நிறுத்தி வைத்திருக்கும்போதே கைக்குப் பழக்குங்கள்.

மேற்கு டெக்சஸில் ஐ-10 சாலையில் 80 மைல் என்று பலகை இருக்கும். அது நமக்கில்லை. எங்கள் டிரெய்லர் டயர் 65 மைலுக்கு மேல் போகக் கூடாத வகை. நாங்கள் 62-ல் போகிறோம், எல்லாரும் முந்திப் போகிறார்கள், போகட்டும். ஒரு நாளைக்கு 250 மைல், பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். காரணம் அடுத்த சமாச்சாரம்.

ரிவர்ஸ். முப்பத்திரண்டு வருடக் கல்யாணத்தில் நாங்கள் அதிகம் சண்டை போட்டது கேம்ப்கிரவுண்டில் டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போதுதான். அவர் ஓட்டுவார், நான் பின்னால் நின்று "ரைட்டு, ரைட்டு" என்பேன். யாருடைய ரைட்டு? டிரக் பார்க்கும் திசையா, நான் பார்க்கும் திசையா? டிரெய்லரின் வால் போக வேண்டிய திசையா, ஸ்டீயரிங் திரும்ப வேண்டிய திசையா? நாலு அர்த்தம் இருக்கிறது அந்த ஒரு சொல்லுக்கு. "நீ சொன்னபடிதானே திருப்பினேன்!" "நான் எங்கங்க அப்படிச் சொன்னேன்?" பக்கத்து டிரெய்லர்க்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது எங்கள் வழக்கம் இது. வலது, இடது என்ற சொற்களுக்கே தடை. டிரைவர் பக்கம், அந்தப் பக்கம், அவ்வளவுதான். சொல்வது எப்போதும் டிரெய்லரின் வால் போக வேண்டிய பக்கத்தை. கத்துவதில்லை, ஃபோனில் பேசிக்கொள்கிறோம். "நிறுத்து" என்றால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். கண்ணாடியில் ஆள் தெரியாவிட்டாலும் நிறுத்த வேண்டும். உள்ளே நுழையும் முன் இருவரும் இறங்கி இடத்தை ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும். தரையில் தண்ணீர்க் குழாய், மின்கம்பம், பெஞ்ச். மேலே கிளை. மேலே பார்க்க எல்லாரும் மறக்கிறார்கள், ஏசி மூடி உடைவது அதனால்தான்.

இன்னொன்றும் செய்தோம், ஆளை மாற்றிக்கொண்டோம். ரிவர்ஸ் எடுப்பது நான். அவருக்குப் பொறுமை இல்லை, எனக்கு இருக்கிறது. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ, டிரெய்லரின் வால் அந்தப் பக்கம் போகும். மூளைக்கு வேலையே இல்லை. கொஞ்சம் திருப்பி, காத்திருந்து, வால் நகரத் தொடங்கியதும் டிரக்கை அதன் பின்னாலேயே வளைத்து ஓட்ட வேண்டும். அதிகம் மடிந்துவிட்டால் சமாளிக்கப் பார்க்காமல் முன்னால் போய் நேராக்கி மறுபடி வாருங்கள். முடிந்தவரை டிரைவர் பக்கமாக வளைந்து நுழையுங்கள், வால் உங்கள் ஜன்னலிலேயே தெரியும். பியர்லாண்டில் மீனாட்சி கோயில் போகும் வழியில் காலியாகக் கிடந்த ஒரு பார்க்கிங்கில், அனுமதி கேட்டுக்கொண்டு, மூன்று வியாழக்கிழமை காலை பிளாஸ்டிக் கூம்பு வைத்துப் பழகினேன். ஒரு கூம்பு இப்போதும் சப்பையாகத்தான் இருக்கிறது.

இடத்தில் நின்றபின் வரிசை முக்கியம். டிரக்கோடு சேர்ந்திருக்கும்போதே பக்கவாட்டு மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை. பிறகு இரண்டு பக்கமும் சக்கரக் கட்டை. கட்டை போடாமல் ஹிட்ச்சைக் கழற்றவே கூடாது. அதன்பின் முன்பின் மட்டம், கடைசியாக மூலை ஜாக்கிகள். மூலை ஜாக்கி டிரெய்லரைத் தூக்குவதற்கில்லை, ஆடாமல் பிடிப்பதற்கு மட்டும். மறுபடி மாட்டும்போது, பூட்டியபின் முன்மூக்கில் இருக்கும் ஜாக்கியைச் சுற்றி மூக்கை இரண்டு அங்குலம் உயர்த்திப் பாருங்கள். டிரக்கின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பூட்டு சரியாக விழுந்திருக்கிறது.

மின்சாரம் 30 ஆம்ப் என்றால் 3,600 வாட், அவ்வளவுதான். ஏசி ஓடும்போது மின்சாரத் தண்ணீர் ஹீட்டரும் போட்டு மிக்ஸியில் சட்னி அரைத்தால் பிரேக்கர் விழும். சட்னிக்கு முன் ஹீட்டரை அணையுங்கள். கேம்ப்கிரவுண்ட் வயரிங்கை நம்பாமல் சர்ஜ் புரொடக்டர் வழியாகத்தான் செருக வேண்டும். தண்ணீர்க் குழாயில் பிரஷர் ரெகுலேட்டர்.

கழிவுத் தொட்டி பற்றிக் கூசாமல் சொல்கிறேன். கழிவறைக்கு பிளாக் டேங்க், சமையல் குளியலுக்கு கிரே டேங்க். குழாயை மாட்டிவிட்டு பிளாக் வால்வைத் திறந்தே விடுகிறவர்கள் உண்டு. தண்ணீர் ஓடிப்போய்த் திடப்பொருள் மேடு கட்டிவிடும். மூடியே வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் திறக்க வேண்டும். முதலில் பிளாக், பிறகு கிரே, சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். அளவு காட்டும் விளக்கு சீக்கிரமே பொய் சொல்லத் தொடங்கும். நமக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. சாம்பார் பாத்திரத்தைக் கழுவும்போது கடுகும் கறிவேப்பிலையும் கிரே டேங்குக்குள் போய் ஊறி, நாலாம் நாள் சிங்க்கில் வாசனை வரும். பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தாளிப்பை வெளியே கேம்ப் அடுப்பில் வையுங்கள். உள்ளே தாளித்தால் புகை அலாரம் கத்தும், கேம்ப்கிரவுண்டே திரும்பிப் பார்க்கும்.

தோசை மாவுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பயண நாளன்று பெரிய பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல், மூடி போட்டு, டிரெய்லரின் குளியல் தொட்டிக்குள் துண்டு சுற்றி உட்கார வையுங்கள். வெயிலில் 250 மைல் குலுங்கி வந்தால் சாயங்காலம் பொங்கி நிற்கும். வழிந்தாலும் தொட்டிக்குள்தானே. ஒருமுறை ஃபிரிட்ஜில் வைத்து, அது வழிந்து, கதவின் ரப்பரைப் பல்துலக்கியால் சுத்தம் செய்த பிறகு வந்த ஞானம்.

நீண்ட பயணம் போக பிக் பெண்ட் தேசியப் பூங்காவைச் சொல்வேன். ஹூஸ்டனிலிருந்து ஒரே ஓட்டமாகப் போகாதீர்கள். டெல் ரியோ தாண்டி செமினோல் கேன்யன் மாநிலப் பூங்காவில் இரண்டு நாள் தங்கினால், பாறைக் குடைவில் ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய ஓவியங்களை வழிகாட்டியோடு பார்க்கலாம். மாரத்தான் ஊரில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்குத் தெற்கே வெகுதூரம் பெட்ரோல் கிடையாது. பூங்காவுக்குள் மலைகள் சூழ்ந்த சிசோஸ் பேசின் பள்ளத்தாக்கு அழகுதான், ஆனால் 20 அடிக்கு மேல் டிரெய்லருக்கு அந்தச் சாலை வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது. எங்களுடையது 22 அடி. பூங்காவின் ரியோ கிராண்டே வில்லேஜ் கேம்ப்கிரவுண்டில் டிரெய்லரை நிறுத்திவிட்டு டிரக்கில் மட்டும் மலையேறினோம். அந்த வில்லேஜில் தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் மூன்றும் உள்ள இடம் 25 மட்டுமே, முன்பதிவு முக்கியம். இரவில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு நாற்காலியைச் சாய்த்தால் பால்வீதி தெரியும். அன்று மட்டும் அவர் எதுவும் திருத்திப் பேசவில்லை.

ஹூஸ்டனில் இருந்துகொண்டு குளிர்காலத் தயாரிப்பு எதற்கு என்று நினைத்திருந்தோம். 2021 பிப்ரவரி உறைபனியில் ஷவர் குழாய் வெடித்தது. இப்போது டிசம்பர் வந்ததும் தொட்டியையும் தண்ணீர் ஹீட்டரையும் காலி செய்து, ஹீட்டருக்குள் எதுவும் போகாதபடி அதை பைபாஸில் போட்டுவிட்டு, உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் இரண்டு கேலனைக் குழாய்களில் ஓட விடுகிறோம். ஒவ்வொரு குழாயிலும் ரோஸ் நிறம் வரும் வரை திறந்து வைக்க வேண்டும். வெளியே உள்ள ஷவரையும் சேர்த்து. எங்களுக்கு வெடித்தது அதுதான்.