காலில் சிறு காயம் பட்ட வல்லூறு: மருந்தும் பயிற்சியும்

வேட்டைக்குப் பழக்கும் வல்லூறுக்கு அடிபட்டால், புதியவர்கள் பெரும்பாலும் ஒன்று மறுநாளே பறக்கவிடுவார்கள், இல்லை காயம் ஆறும்வரை கைப்பழக்கத்தையே விட்டுவிடுவார்கள். இரண்டும் வேண்டாம்.

1. வீட்டு வைத்தியம் போதுமா?

இறக்கை தொங்குவது, காலை ஊன்றாமல் இருப்பது, பாதம் வீங்கிச் சூடாக இருப்பது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, இரத்தம் நிற்காதது: இதில் ஒன்று இருந்தாலும் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள். பூனை கடித்திருந்தால் துளை எவ்வளவு சிறிதானாலும் போகத்தான் வேண்டும். அதன் வாயில் உள்ள கிருமிகள் பறவையை மிக வேகமாகச் சாய்த்துவிடும். மேலோட்டமான கீறல், நகத்தின் மேலுறை கழன்றது போன்றவற்றை வீட்டிலேயே பார்க்கத் தொடங்கலாம்.

2. சுத்தம் செய்தல்

பறவையின் தலைக்கு மூடி போட்டு, துண்டால் சுற்றி, இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது. பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தே கொன்றுவிட முடியும்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் காயத்தைக் கழுவுங்கள். பிறகு, லேசான டீ நிறம் வரும்வரை நீர்த்த போவிடோன் அயோடினால் ஒற்றி எடுங்கள். நக நுனியில் இரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு இறகில் ஒட்டிக்கொள்ளும், கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும். நமக்கான வலி மாத்திரைகளைத் தொடவே தொடாதீர்கள்.

3. நல்ல காலைக் கவனியுங்கள்

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். வலிக்கிற காலைத் தூக்கிக்கொண்டு முழுப் பாரத்தையும் மற்றக் காலில் போடும்போது, அந்த உள்ளங்காலில் புண் வந்து கிருமி புகுந்துவிடும். முதல் காயத்தைவிட இதை ஆற்றுவதுதான் கஷ்டம். அமரும் கட்டையில் செயற்கைப் புல் விரிப்பைச் சுற்றுங்கள். தினமும் இரண்டு உள்ளங்கால்களையும் பாருங்கள். தோலின் சொரசொரப்பு தேய்ந்து வழவழப்பாகி, இளஞ்சிவப்பாக மாறினால் அதுவே முதல் எச்சரிக்கை.

4. எடை

பயிற்சிக்காக எடையைக் குறைத்து வைத்திருந்தால், அதை நிறுத்துங்கள். புண் ஆறத் தீனி வேண்டும். காடை, கோழிக்குஞ்சு என்று நன்றாகவே கொடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். 600 கிராம் பறவைக்கு 20 கிராம் குறைவது, 60 கிலோ மனிதருக்கு 2 கிலோ குறைவது மாதிரி. நோவை வெளியே காட்டாத பிராணி இது. கண்ணைவிடத் தராசை நம்புங்கள். எச்சம் பளிச்சென்ற பச்சையாக வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. இந்த நாட்களின் பயிற்சி

கையுறையில் அமைதியாக உட்காருவது, தலைமூடியைப் போட்டுக் கழற்றுவது, தானாகத் தராசில் ஏறுவது, விசில் கேட்டதும் ஒரு துண்டு இறைச்சி. அவ்வளவுதான். வயிறு நிறைந்த பறவை சட்டை செய்யாது, பரவாயில்லை. கட்டையிலிருந்து அடிக்கடி தாவித் துடித்தால், சந்தடியில்லாத, வெளிச்சம் குறைந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

6. மறுபடி பறக்க

இரண்டு கால்களையும் சமமாக ஊன்றிய பிறகு கையுறைக்கு ஒரு சிறு தாவல். அப்புறம் நீளக் கயிறு கட்டிச் சில மீட்டர். எடையை மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும். பழைய பறக்கும் எடையை, அதாவது காயத்துக்கு முன் பறக்கவிட்டபோது இருந்த எடையை, இப்போது இலக்காக வைக்காதீர்கள். ஓய்வில் தசை கரைந்து கொழுப்பு ஏறியிருக்கும். தராசில் அதே எண்ணைக் காட்டினாலும் பறவை அதே நிலையில் இருக்காது. நெஞ்செலும்பின் இரு பக்கமும் தசை திரண்டிருக்கிறதா என்று தினமும் விரலால் தடவிப் பார்த்து, புதிய எண்ணைக் கண்டுபிடியுங்கள்.