மங்கிப்போன பச்சை லேசரைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்

ஆனித் திருவிழாக் கடையில் வாங்கிய பச்சை லேசர் ஒளி குறைந்ததும், "ஏலே, இதுல ஒண்ணும் இல்ல, நீ வச்சு வெளாடு" என்று சின்னப் பையனிடம் போய்விடுகிறது. கண்ணில் அடிக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இது வேறு, கண்ணுக்குத் தெரியாமல் அதிலிருந்து கசியும் அகச்சிவப்பு ஒளியைப் பற்றியது.

பச்சை மங்கினால் ஆபத்தும் மங்கும் என்று நம்புவது

532 நானோமீட்டர் அலைநீளப் பச்சை நேராகப் பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் டயோடு (மின்சாரத்தில் லேசர் ஒளி தரும் சிறு சில்லு) ஒரு நியோடிமியம் படிகத்தைத் தூண்ட, அது 1064 தருகிறது. அந்த அலைநீளத்தைக் கேடிபி என்ற இன்னொரு படிகம் பாதியாக்குகிறது. முதல் இரண்டும் அகச்சிவப்பு. முனையில் அதைத் தடுக்கும் சிறு கண்ணாடி வடிகட்டி இல்லாவிட்டால் மிச்சம் அப்படியே வெளியே வரும். மலிவுச் சரக்கு பலவற்றில் அதைத்தான் வைக்காமல் விடுகிறார்கள்.

கீழே விழுந்து படிகம் சற்று நகர்ந்தாலே பச்சை படுத்துவிடும், அகச்சிவப்பு படுக்காது. வெப்பநிலையும் இதையே செய்யும். டயோடின் அலைநீளம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். நட்சத்திரம் காட்ட மாஞ்சோலை மலைக்குக் கொண்டுபோய்க் குளிரில் 10 டிகிரி இறங்கினால் 3 நானோமீட்டர் விலகல். படிகம் உறிஞ்சாத 808 வெளியே கசியும். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் கிடந்தாலும் இதே கதி.

2010இல் அமெரிக்க அரசின் தரநிலை, தொழில்நுட்ப ஆய்வகமான என்ஐஎஸ்டி, 10 மில்லிவாட் என்று விற்ற ஒரு மங்கலான பச்சை லேசரிலிருந்து ஏறக்குறைய 20 மில்லிவாட் அகச்சிவப்பு வருவதை அளந்து வெளியிட்டது. பளிச்சென்ற ஒளிக்குக் கால் வினாடியில் இமை மூடும். அகச்சிவப்புக்கு மூடாது, வலிக்கவும் செய்யாது. ஆனால் கண்ணின் லென்ஸ் அதையும் விழித்திரையில் குவிக்கும். இத்தனைக்குப் பிறகும் "டல்லா இருக்கு, பரவால்ல" என்பவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

சிடி சோதனையை அரைகுறையாகச் செய்வது

அகச்சிவப்பு கசிகிறதா என்று பார்க்க, வெள்ளை அட்டையில் துளையிட்டு, 10 செ.மீ. தள்ளி இணையாக நிறுத்திய சிடியில் லேசரை அந்தத் துளை வழியே அடியுங்கள். துளையிலிருந்து 3.5 செ.மீ.யில் பச்சைப் புள்ளி விழும். டிவி ரிமோட்டின் ஒளி தெரிகிற போன் கேமராவில் அட்டையைப் பாருங்கள், 5.9 செ.மீ.யில் இன்னொரு புள்ளி தெரிந்தால் அது 808. கேமராவில் தெரியாவிட்டால் கசிவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. 1064இன் புள்ளி விழும் 8.9 செ.மீ.யில்தான் பச்சையின் இரண்டாம் புள்ளியும் விழும். ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

532 மட்டும் எழுதிய பாதுகாப்புக் கண்ணாடி

808க்கும் 1064க்கும் அதை நம்பாதீர்கள்.

பவர் கூட்ட வடிகட்டியைக் கழற்றுவது

பவர் அளக்கும் மீட்டரில் ஏறுவது பச்சை அல்ல, அகச்சிவப்பு.

532ஆ 520ஆ என்று கேட்காமல் வாங்குவது

520 என்பது டயோடிலிருந்தே நேராக வரும் பச்சை. அதில் 808உம் இல்லை, 1064உம் இல்லை. தூரத்துச் சுவரில் அதன் புள்ளி பெரும்பாலும் உருண்டையாக இல்லாமல் நீள்வாக்கில் விழும்.